மூணு வருசம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர்

வாரண்டி என்ற சொல்லை அந்த ஏலக்காய் குடோனுக்குள் கொண்டுவந்தவள் வேலுத்தாய். வந்த அன்றைக்கே அதைக் கெடுத்து வைத்தவள் ராக்கு.

போடியில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற குடோன் அது. இருபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பிரிப்பார்கள். மலையில் உலர்த்தி மூட்டையாக இறங்குகிற ஏலக்காயை முறத்தில் கொட்டி, வெடித்தது, கறுத்தது, சொத்தை என்று தள்ளிவிட்டு, பச்சை மாறாத பருங்காயைத் தனியே சேர்க்க வேண்டும். வேலை கைக்குத்தான். சும்மா இருக்கிற வாய் சும்மா இருக்குமா? யார் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பது வரைக்கும் அந்த வரிசைக்குத் தெரியும்.

"கலையரசி போன் போட்டா மதினி" என்றாள் வேலுத்தாய், மத்தியானச் சோற்று வேளையில். கலையரசி அவளுடைய ஒரே மகள், கோயம்புத்தூரில் வாக்கப்பட்டிருக்கிறாள். "புதுக் காரு வாங்குறதுன்னா மூணு விசயத்த விசாரிக்கணுமாம். வாரண்டி எத்தன வருசம், சர்வீசு எங்க, பைனான்சுக்கு வட்டி என்ன. மத்ததெல்லாம் சும்மா மினுமினுப்பாம்."

ராக்கு சோற்றைப் பிசைந்த கையோடு நிமிர்ந்தாள். "என்னது, வாராண்டியா? எத்தன வருசத்துல வாராண்டி?"

வரிசை முழுக்கச் சிரித்தது. வேலுத்தாயும் சிரித்தாள். வேலுத்தாயின் புருஷன் ஜக்கையனுக்கு ராக்கு பெரியப்பா மகள், மூத்தவள். தம்பியை அவன் இவன் என்று பேச உரிமையுள்ளவள். அன்றிலிருந்து பொழுது போகவில்லை என்றால் வரிசையில் ஒருத்தி "வாராண்டி" என்பாள். இன்னொருத்தி "எத்தன வருசம்?" என்பாள்.

சிரிக்கிற விஷயம்தான். ஆனால் உள்ளே தைக்கிற விஷயமும் கூட. ஜக்கையன் மலைக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் பூப்பாறை போகிற வழியில் ஓர் எஸ்டேட். பச்சைக்காயை உலர்த்துகிற கட்டடத்துக்கு அங்கே ஸ்டோர் என்று பெயர். அந்த ஸ்டோரில் ராத்திரி முழுக்க விறகு தள்ளித் தீயைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. சூடு கூடினால் காய் வெடிக்கும், குறைந்தால் பச்சை போய்விடும். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை இறங்குவான். திங்கள் விடியுமுன் முதல் ஜீப்பில் ஏறிவிடுவான்.

போடிக்கும் அந்த எஸ்டேட்டுக்கும் நாற்பது கிலோமீட்டர். துபாய்க்குப் போனவன் பெண்டாட்டி என்றால் ஊர் இரக்கப்படும். நாற்பது கிலோமீட்டருக்கு யார் இரக்கப்படுவார்கள்? சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போகும்போது மலை ரோட்டில் வண்டி விளக்குகள் ஒவ்வொரு வளைவாகத் திரும்பி ஏறுவது தெரியும். கடைசி வளைவில் விளக்கு மறைகிற வரைக்கும் நின்று பார்ப்பாள். அவளுக்கு நாற்பத்தாறு வயது. பேரன் எடுத்த பிறகு புருஷனை நினைத்து ஏங்குகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? துணியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவாள்.

அவன் ஸ்டோர் மூட்டைகள் சில சமயம் அவள் குடோனுக்கே வரும். எஸ்டேட் பெயர் அச்சடித்த சாக்கைப் பார்த்ததும் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். முறத்தில் வெடித்த காய் கூடுதலாக இருந்தால், அன்றைக்கு ராத்திரி கண் அசந்துவிட்டான் என்று அவளுக்குத் தெரியும். காய்ச்சலோ, கால் வலியோ என்று அடுத்த சனிக்கிழமை வரைக்கும் கிடந்து அடித்துக்கொள்வாள்.

போன ஆவணியில்தான் அது நடந்தது. ராத்திரித் தீக்கு வேறு ஆள் வந்துவிட்டான், ஜக்கையனைப் பகல் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். இதைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னவன், கூடவே இன்னொன்றும் சொன்னான். "சொந்தமா ஒரு வண்டி இருந்தா தெனமும் வந்துட்டுப் போயிரலாம் போல."

சொன்னதை அவன் மறந்துவிட்டான். வேலுத்தாய் பிடித்துக்கொண்டாள். பக்கத்து ஊர் சிலமலையிலிருந்து காய் எடுக்கப் போகிற பெண்கள் தினமும் ஜீப்பில்தான் ஏறி இறங்குகிறார்கள். பத்துப் பேர் இடத்தில் பதினாறு பேர். இடுப்பு வலிக்காரன் அதில் தினமும் எப்படி வருவான்? கார்தான் சரி, எஸ்டேட் வண்டியை ஓட்டிப் பழகின கைதானே. சீட்டை எடுத்தாள், மகள் கொஞ்சம் போட்டாள், முன்பணத்துக்குச் சேர்ந்துவிட்டது. பால்காரர் கொடுத்த காலண்டரின் பின்பக்கத்தில் கணக்கும் போட்டு வைத்தாள். போக வர எண்பது. மாதம் இருபத்தைந்து நாள். இரண்டாயிரம் கிலோமீட்டர்.

பணம் சேர்ந்த பிறகு ஒரு சனிக்கிழமை அவன் வந்தபோது வழக்கம்போல எல்லாம் தயாராக இருந்தது. உறை பிரிக்காத சோப்பு, வெளுத்த துண்டு, ஆட்டுக்கறிக் குழம்பு, ஈரல் வறுவல், தனியாக ரசம். அவன் உட்கார்ந்தான், அவள் பரிமாறினாள். இரண்டாவது கரண்டிக்கே அவன் தட்டின் மேல் கையை விரித்தான்.

"மதி."

மலையாளத்தில் போதும் என்று அர்த்தம். பதினோரு வருஷம் அந்த ஊர்க்காரர்களோடு சோறு தின்று ஒட்டிக்கொண்ட சொல். வேலுத்தாய்க்கு அந்தச் சொல்லைக் கண்டாலே ஆகாது. நம்மூரில் போதும் என்றால் இன்னும் ஒரு கரண்டி ஊற்றலாம், சண்டை போட்டு ஊற்றலாம். மதி என்றால் என்ன செய்வது? கரண்டியைச் சட்டியிலேயே வைத்தாள்.

"நாளைக்குத் தேனிக்குப் போறோம்" என்றாள். "வண்டி பாக்க."

"ம்" என்றான் அவன். மறுக்கவில்லை.

தேனி ஷோரூமில் பானுப்பிரியா என்ற பெண் அவர்களை உட்காரவைத்து மோர் கொடுத்தாள். ராசிங்காபுரத்துப் பிள்ளை. ஊர்ப் பேர் சொன்னதும் ஜக்கையன் கொஞ்சம் தெளிந்தான். வெள்ளை நிறத்தில் சின்ன வண்டி ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்தான், முன் மூடியைத் திறக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தான்.

"ஏதாச்சும்னா நம்ம சோணையிட்ட காட்டிக்கலாம்ல தாயி? போடியில மெக்கானிக்கு. கைராசிக்காரரு."

"அய்யோ, வேற யாரும் கை வைக்கக் கூடாது சார். வச்சா வாரண்டி போயிரும். சர்வீசு இங்க எங்ககிட்டத்தான் விடணும். ஆயிரம் கிலோமீட்டர்ல மொத சர்வீசு, அது ஃப்ரீ. அப்பறம் ஆறு மாசத்துக்கு ஒருக்கா."

"வண்டி ஓடாம சும்மா நின்னா?"

"நின்னாலும் கொண்டாரணும் சார். ஓடுற வண்டிய விட நிக்கிற வண்டிதான் சீக்கிரம் கெடும். பேட்டரி இறங்கிரும், டயரு ஒரே எடத்துல அமுங்கிரும்."

வேலுத்தாய் மகள் சொல்லிக்கொடுத்ததை மனதுக்குள் ஒரு தடவை ஓட்டிவிட்டுக் கேட்டாள். "வாரண்டி எத்தன வருசம் பாப்பா?"

கேட்டதும் ராக்கு ஞாபகம் வந்து சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"மூணு வருசம், இல்லன்னா ஒரு லட்சம் கிலோமீட்டர் அக்கா. எது முந்துதோ அது. பதினெட்டாயிரம் சேத்துக் கட்டினா இன்னும் ரெண்டு வருசம் கூட்டித் தருவோம்."

"அதக் கட்டலாமா, வேணாமா?"

"அது நீங்க ஓட்டுறதப் பொறுத்து அக்கா. சில பேரு ரெண்டே வருசத்துல லட்சத்தத் தாண்டிருவாங்க. சில பேரு வீட்டு முன்னாடி நிப்பாட்டி வச்சிருப்பாங்க." பானுப்பிரியா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். "மாசம் எத்தன கிலோமீட்டர் ஓடும் சார்?"

அவனிடம் கேட்டாள். வேலுத்தாய் வாய் திறக்கவில்லை. இரண்டாயிரம் என்ற எண் நாக்கு நுனியில் இருந்தது. அதை அவன் வாயால் கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. இத்தனை நாள் பாடுபட்டதே அந்த ஒரு பதிலுக்குத்தான் என்றுகூடத் தோன்றியது.

ஜக்கையன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக் கணக்குப் போட்டான். நேர்மையான மனுஷன், கணக்கில் பொய் வராது.

"மேல போய் வர எம்பது. மாசம் ரெண்டு தடவ. நூத்தி அறுபது ஆச்சு. கோயிலு கொளம்னு சேத்து, இருநூறுன்னு வச்சுக்க தாயி."

பானுப்பிரியா தட்டினாள். "அப்ப ஒங்களுக்கு வருசந்தான் சார் முந்தும். மூணு வருசத்துலயும் ஏழாயிரம் சொச்சந்தான் ஓடிருக்கும். கூடுதல் வாரண்டி கட்டினா நல்லது, வருசம் கூடும்ல. இனி லோனு. அஞ்சு வருசம்னா மாசம் எட்டாயிரத்து நானூறு. ஏழு வருசம்னா ஆறாயிரத்து ஐநூறு."

ஜக்கையன் ஐந்தா ஏழா என்று யோசிக்க ஆரம்பித்தான். வேலுத்தாய்க்கு அதற்குமேல் எதுவும் காதில் ஏறவில்லை. மாதம் இரண்டு தடவை. பகல் வேலை வந்த பிறகும், கார் வந்த பிறகும், இரண்டு தடவை. அவள் பையை எடுத்து மடியில் வைத்தாள், ஜிப்பை இழுத்து மூடினாள், எழுந்தாள்.

"பாப்பா, மோருக்கு ரொம்ப நன்றி. மாசம் ரெண்டு தடவைக்கு ஜீப்பு இருக்கு."

போடி பஸ்ஸில் இடம் கிடைத்தது. அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். முகம் கொடுக்கவில்லை. பாதி வழி தாண்டிய பிறகுதான் ஜக்கையன் பேசினான்.

"என்ன கோவம்னு சொன்னாத்தான தெரியும்."

"தெனமும் வரலாம்னு நீங்கதான சொன்னீங்க."

"எப்ப?"

"ஆவணியில. சோத்துல கைய வச்சுக்கிட்டுச் சொன்னீங்க."

அவனுக்கு நினைவு வந்தது. தலையைத் தடவிக்கொண்டான்.

"வேற வீடு எதும் இருக்கா மேல?" என்றாள் அவள். பதினோரு வருஷமாகக் கேட்காத கேள்வி.

"அட, கிறுக்கு. அந்தக் குளுர்ல நான் விறகோட விறகாக் கெடக்கேன். வீடாம்ல வீடு." முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "சொன்னா வருத்தப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"நான் வீட்டுக்கு வர்றப்பல்லாம் நீ புதுச் சோப்பு எடுத்து வைக்கிற. துண்டு மடிச்சு வைக்கிற. கறி எடுக்கிற. தண்ணி குடிக்க எந்திரிச்சா ஓடியாந்து மோந்து தர்ற. மருமகன் வந்தாக்கூட இம்புட்டுக் கவனிப்பு இல்ல. மொத நாளு நல்லாத்தான் இருக்கு. ரெண்டாம் நாளு காலையில, எப்படா கெளம்புவோம்னு ஆயிருது. எங்க ஒக்காரணும், எங்க படுக்கணும்னு கேட்டுக் கேட்டுச் செய்ய வேண்டியிருக்கு. விருந்தாளிக்கு ஒரு நாளுதான வேலு."

"நானா ஒங்கள விருந்தாளி ஆக்குனேன்?"

"நீ ஆக்கல. ஆயிப்போச்சு. இனி தெனமும் வந்தா அந்த வீட்டுல நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரியல. பயமா இருக்கு, போதுமா?"

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. வேலுத்தாய் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். கோபமா, அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"பதினஞ்சு நாளு சேத்து வைக்கிறத ஒரே நாள்ல கொட்டுறேன்" என்றாள். "வேற எப்பிடிச் செய்யணும்னு எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? ஒரு நாளு கஞ்சி ஊத்திட்டு, மறுநாளு கறி எடுக்கலாம்னா, மறுநாளு நீங்க இருந்தாத்தான?"

போடி வந்துவிட்டது, இறங்கினார்கள். திங்கள்கிழமை விடியுமுன் அவன் கிளம்பிப் போனான். அவள் வழக்கம்போல எழுந்து காபி போட்டுக் கொடுத்தாள்.

குடோனில் ராக்கு ஆவலாகக் காத்திருந்தாள். "என்னடி, எத்தன வருசம்?"

"வாரண்டி முடிஞ்சு போச்சு மதினி" என்று சொல்லிவிட்டு வேலுத்தாய் முறத்தை இழுத்தாள்.

ராக்கு வாயாடிதான், ஆனால் முகம் பார்க்கத் தெரிந்தவள். சிரிக்க ஆரம்பித்த பிள்ளைகளை ஒரு முறை முறைத்தாள். அந்த வாரம் முழுக்க அந்தச் சொல்லை வரிசையில் யாரும் எடுக்கவில்லை. பானுப்பிரியா இரண்டு தடவை போன் செய்தாள், மாத முடிவுக்குள் எடுத்தால் தள்ளுபடி உண்டு என்றாள். யோசித்துச் சொல்கிறோம் என்று வேலுத்தாய் வைத்துவிட்டாள். மாடிக்கு மட்டும் வழக்கம்போலப் போனாள். போகக் கூடாது என்று நினைத்த நாளிலும் துணி காய்ந்து கிடந்தது.

அடுத்த வாரம் புதன்கிழமை. ஏலத்துக்கு அனுப்ப லோடு நிறைய வந்திருந்ததால் ஏழு மணி வரைக்கும் வேலை. அதில் ஜக்கையன் எஸ்டேட் மூட்டையும் ஒன்று. வேலுத்தாய் அதைத்தான் பிரித்துக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் வடை வாங்கப் போன ராக்கு, பொட்டலத்தோடு வாசலிலேயே நின்றுகொண்டு கத்தினாள்.

"ஏ வேலு, வாராண்டி."

பத்து நாளாக அடக்கி வைத்திருந்த வரிசை குபீரென்று சிரித்தது. வேலுத்தாய் தலை நிமிரவில்லை. கோபப்படுவதற்கும் தெம்பு இல்லை.

"வருசமா மதினி, கிலோமீட்டரா? எது முந்துச்சு?" என்றாள் முறத்தைப் பார்த்தபடியே.

"நாப்பது கிலோமீட்டருடி. சிலமலைப் பிள்ளைக ஜீப்புல மடங்கி ஒக்காந்து வந்து எறங்கிருக்கான். இடுப்பப் பிடிச்சுக்கிட்டு டீக்கடையில நிக்கிறான், வந்து பாரு."

முறம் மடியிலிருந்து சரிந்து, பிரித்த காயும் பிரிக்காத காயும் ஒன்றாகக் கலந்தன. "போ, நான் அள்ளிக்கிறேன்" என்றாள் ராக்கு.

டீக்கடை வாசலில் ஜக்கையன் நின்றிருந்தான். மேலெல்லாம் புகை வாசனை, கையில் தூக்குச்சட்டி. பை எதுவும் இல்லை, மாற்றுத் துணி கூட இல்லை.

"இன்னைக்குப் புதன்கிழமைங்க" என்றாள் அவள்.

"தெரியும். சோலி வெரசா முடிஞ்சது. ஜீப்புல ஒரு எடம் இருக்குன்னு அந்தப் பிள்ளைக சொன்னாக. ஏறிட்டேன்." இடுப்பை நிமிர்த்தினான். "காலையில அஞ்சரைக்கு அதே ஜீப்புதான்."

கறிக்கடையைத் தாண்டும்போது அவள் கால் தானாக நின்றது. அவன் நிற்கவில்லை. அவளும் நடந்தாள்.

"வீட்டுல ஒண்ணுமே இல்லங்க. காலையில வடிச்ச சோறும், நேத்து வச்ச மொச்சக் கொழம்புந்தான். ரெண்டு முட்டையாவது வாங்கட்டுமா?"

"இருக்கறதக் கொண்டா, போதும்."

வீட்டில் அவன் கை கால் கழுவி, கொடியில் கிடந்த பழைய துண்டில் துடைத்துக்கொண்டான். தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனான். வேலுத்தாய் எழப்போனவள், இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே ஒரு தட்டு உருளும் சத்தம் கேட்டது, பிறகு அலமாரிக் கதவைத் திறக்கும் சத்தம்.

"டம்ளரு எங்க இருக்கு?"

பதினோரு வருஷமாக இந்த வீட்டில் டம்ளர் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"மேல் தட்டுல. வலது பக்கம்."

அவனே எடுத்து, அவனே மொண்டு குடித்தான். வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அவள் சோற்றைப் போட்டு, சுண்டிப்போன குழம்பை ஒரு கரண்டி ஊற்றினாள்.

"ஒங்க புது ஆளுக்குத் தீயி பாக்கத் தெரியலைங்க" என்றாள். "இன்னைக்கு மூட்டையில பாதிக்குப் பாதி வெடிச்ச காயி."

"அவனா? பத்து மணிக்கே தூங்கிருவான். நாளைக்கு நாலு வார்த்த சொல்லணும்." பிசைந்து ஒரு வாய் தின்றான். "வண்டிய என்ன செய்யலாம்? அந்தப் பிள்ள எனக்கும் போன் போட்டுச்சு."

"மொதல்ல ஜீப்புல ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும். மொத சர்வீசு அப்பத்தான."

அவன் சிரித்தான். கொஞ்சம் வெட்கமும் இருந்தது அதில். பிறகு குனிந்து சாப்பிட ஆரம்பித்தான்.

அவள் இரண்டாவது கரண்டியை ஊற்றிவிட்டு மூன்றாவதை அள்ளினாள். அள்ளியதைத் தட்டுக்கு மேல் பிடித்துக்கொண்டு, மதி என்ற அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தாள். அவன் கை சோற்றிலேயே இருந்தது. ஊற்றினாள்.